ஏசி கேட்ட குடித்தனம்: செலவு யார் தலையில்?

போன மே மாதம் ஒரு ராத்திரி, மணி பத்தைத் தாண்டியிருக்கும். மாடி போர்ஷன் பெண் இடுப்பில் குழந்தையோடு கீழே இறங்கி வந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயது. கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. “அக்கா, ஒரு நிமிஷம் மேல வந்து பாருங்கக்கா” என்றாள். போனேன். கட்டிலை ஒட்டிய சுவரில் கை வைக்கச் சொன்னாள். தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூடு. ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது, கொட்டியதெல்லாம் அனல். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் நாலையும் சாத்தியிருந்தார்கள். “ஒரு ஏசி போட்டுக் குடுங்கக்கா. வேணும்னா வாடகையில ஏதாவது சேர்த்துக்கோங்க.”

“பார்க்கலாம்மா” என்றேன். ஹவுஸ் ஓனர் பாஷையில் ‘பார்க்கலாம்’ என்றால் ‘மாட்டேன்’. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வட சென்னையில், தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீடு இது. கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், ஒன்பது மணிக்கு மேல் லைட் எரிந்தால் வீட்டுக்காரம்மா ஜன்னலைத் தட்டுவார். ஆகவே இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அன்றைக்கு ராத்திரி படுத்தபடி யோசித்ததையும், அப்புறம் ஒரு மாதம் விசாரித்துக் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்றைக்கு மூலக்கொத்தளத்திலிருந்து எண்ணூர் வரை பல மாடிகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு விஷயம். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் பக்கம் வீடு பார்க்கப் போனால் ஏசி, கீசர், அலமாரி, சிம்னி எல்லாம் பொருத்தி வைத்திருப்பார்கள். வாடகையும் அதற்குத் தகுந்தபடி இருக்கும். எங்கள் பக்கத்தில் வாடகை வீடு என்றால் நாலு சுவர், ஒரு டியூப்லைட், மேலே ஃபேன் கொக்கி. ஃபேனே குடித்தனக்காரர் கொண்டுவந்து மாட்டுவது. அதனால் ‘ஓனர் ஏசி தரணுமா?’ என்று இங்கே கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். “தலைக்கு மேல கூரை குடுத்திருக்கேன், குளுகுளுன்னு வேற வேணுமா?” என்பார்கள்.

கூரையிலேயே கோளாறு இருக்கும்போது இந்தச் சிரிப்பு எடுபடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதோடு இணைத்த அட்டவணையில் எந்தப் பழுது யாருடையது என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் இவை ஓனர் செலவு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கீசர் ரிப்பேர், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கிழிந்த கொசுவலை இவை குடித்தனக்காரர் செலவு.

வெள்ளையடிப்பது ஓனர் செலவு என்றதைக் கவனித்தீர்களா? நம் ஊரில் காலி பண்ணும்போது ‘பெயிண்டிங்’ என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். எங்கள் அப்பாவும் பிடித்தார். நானும் இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். இந்த அட்டவணையைப் படித்த அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சரி, இதெல்லாம் ஏற்கெனவே இருப்பதைப் பராமரிக்கிற கணக்கு. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குச் சட்டம் வேறு வழி சொல்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓனர் செலவு செய்தால், பேசிக்கொண்ட அளவு வாடகையைக் கூட்டலாம். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அது நடைமுறைக்கு வரும். அதாவது வசதி செய்து தரவேண்டும் என்ற கட்டாயம் ஓனருக்கு இல்லை. செய்தால் வாடகை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், காகிதமும் வேண்டும்.

எது வசதி, எது அவசியம் என்பதில்தான் இழுபறி. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அன்றைக்கு மத்தியானம் இந்தத் தெருவில் நாய்கூட நடமாடவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயில் தாங்காமல் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு என்ற நிலைமை வந்தபிறகு, சூட்டைக் குறைக்கக் கேட்பதை ‘சொகுசு’ என்று எப்படித் தள்ளுவது? அதே நேரம் ஒரு டன் ஏசியை வாங்கி மாட்டித் தருவது என் கடமை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஒரு எளிய கேள்வி. காலி பண்ணும் நாளில் இந்தப் பொருள் குட்டியானையில், அதாவது சாமான் ஏற்றும் சின்ன லாரியில், ஏறுமா, ஏறாதா? ஏறுகிறது என்றால் அது குடித்தனக்காரருடையது. ஏறாமல் சுவரோடும் தரையோடும் கூரையோடும் நிற்கிறது என்றால் அதை அனுபவிக்கப் போவது அடுத்த குடித்தனமும் ஓனரும்தான். ஆக, ஓனர் செலவு. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் முக்கால்வாசிச் சண்டையை இது தீர்த்துவிடும்.

ஏசியை நாமே வாங்கிக் கொடுத்தால்

விசாரித்தபோது எங்கள் பக்கத்தில் சொன்ன விலை: ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி 34,000. மெயினிலிருந்து தனி வயர் இழுத்து, பிரேக்கரும் பெரிய பிளக்கும் போட 4,800. ஸ்டாண்டு, செம்புக் குழாய், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 2,700. மொத்தம் 41,500. வாடகை 9,000. மாதம் 1,000 கூட்டினால் போட்ட பணம் திரும்ப மூன்றரை வருஷம். எங்கள் மாடியில் சராசரியாக ஒரு குடும்பம் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். அடுத்து வருபவர் “எங்களுக்கு ஏசி வேணாம், வாடகையக் குறைச்சுக்கோங்க” என்றால் என்ன செய்வது?

இன்னொன்று, கடல். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம். உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் காயிலை அரித்துத் தின்னும். காசிமேட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் மூன்றாவது வருஷமே காஸ் ஒழுகியது. ஓனர் வாங்கித் தந்த ஏசியில் காஸ் போனால் யார் நிரப்புவது? “உங்க ஏசி, நீங்க பாருங்க” என்பார் அவர். “நீங்கதானே ஓட்டுறீங்க” என்போம் நாம். ஒரு பொருள் இரண்டு பேருக்குச் சொந்தமானால் அதைத் துடைக்கக்கூட ஆள் இருக்காது. ஃபில்டர் கழுவுவதற்கே பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய செலவு ஏசியை வாங்குவதிலேயே இல்லை, கரண்ட் பில்லில் இருக்கிறது. மாடியில் அவர்களுக்குத் தனி மீட்டர். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும். நான் கணக்குப் போட்டபோது முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் உயர்த்திய கட்டணத்தை வைத்துப் பார்த்தால் பில் 500 ரூபாய்க்குள் வரும். ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி ஓட்டினால் தினம் ஆறு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 360. ஆக மொத்தம் 610. அப்போது பில் எவ்வளவு? 3,000 ரூபாயைத் தொடுகிறது. யூனிட் இரண்டரை மடங்குதான் ஆனது, பில் ஆறு மடங்கு. காரணம், 500 யூனிட்டைத் தாண்டினால் குறைவாக ஓட்டுபவர்களுக்குக் கிடைக்கும் சலுகையும் கை நழுவிப் போகிறது, 501ஆவது யூனிட்டிலிருந்து விலையும் 8 ரூபாய்க்கு மேல்.

இந்தக் கணக்கை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கணவன் கன்டெய்னர் யார்டில் வேலை. மூவாயிரம் என்பது அவர்களுக்கு அரிசியும் பால்காசும். வீட்டுக்கு ஒரே மீட்டர் வைத்துக்கொண்டு, சப்-மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஓனரே வசூலிக்கும் இடத்தில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். இலவச யூனிட்கூட அவர்கள் கைக்கு வராது. அப்படிப்பட்ட வீட்டில் ஓனர் ஆசையாக ஏசி மாட்டித் தருகிறார் என்றால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ‘ஓனர் வாங்கி, வாடகையை ஏற்றுவது’ என்ற வழி ஏசிக்கு ஒத்துவராது என்பது என் முடிவு. முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு வாடகையும் கூட்டாமல் இருப்பது, சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஒரே ஒரு போர்ஷன் வாடகையில் மாத்திரைச் செலவை ஓட்டும் விதவைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஓனர் என்றாலே பணக்காரர் என்று நினைப்பது வட சென்னையில் செல்லாது. 2022இல் சொத்து வரியும் ஏறிவிட்டது.

குடித்தனக்காரரே செலவு செய்து வாடகையில் கழிப்பது

இது கேட்க நியாயமாக இருக்கும். கையில் பணம் இல்லாத ஓனருக்கு வசதி. குடித்தனக்காரருக்கும் வேலை உடனே முடியும். நடைமுறையில் நான் பார்த்த அளவுக்கு இதைப்போல உறவைக் கெடுக்கும் ஏற்பாடு வேறு இல்லை.

என் அத்தை மகன் வியாசர்பாடியில் வாடகைக்கு இருந்தான். அவன் அம்மாவுக்கு மூட்டு வலி, உட்கார்ந்து எழ முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் போட ஓனரிடம் கேட்டான். “போட்டுக்கோப்பா, மாசாமாசம் வாடகையில கழிச்சிக்கோ” என்றார் பெரியவர். நல்ல மனுஷன். பழைய பீங்கானைப் பெயர்த்து, தரை உடைத்து, புது டைல்ஸ் ஒட்டி 14,200 ஆனது. டைரியில் எழுதி வைத்தான்: ‘வெஸ்டர்ன் 14,200, மாசம் 700’. ஐந்து மாதம் கழித்தான். ஆறாவது மாதம் பெரியவர் இறந்துபோனார். காரியம் முடிந்து மகன் வந்து வாடகைக் கணக்கைப் பார்த்தான். “அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே, இதுல அவர் கையெழுத்தும் இல்லையே” என்றான். அவன் பொய் சொன்னான் என்று சொல்லமுடியாது. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. மீதி 10,700 போனது. வருஷம் முடியும் முன் வீடும் மாறினார்கள். டாய்லெட்டைக் குட்டியானையில் ஏற்ற முடியுமா?

கழித்துக்கொள்ளும் வழிதான் என்றால் ஒரு வெள்ளைத்தாளாவது வேண்டும். என்ன வேலை, மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கழிப்பது, நடுவில் காலி பண்ணினால் மீதியை அட்வான்ஸோடு சேர்த்துத் தருவதா, இருவர் கையெழுத்து, தேதி. அதை வாடகை ஒப்பந்தத்தோடு பின் பண்ணி வையுங்கள். மனிதர்கள் நல்லவர்களாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். சண்டை வந்தபிறகு யார் எழுதுவார்கள்?

லீஸ் வீடு ஒரு தனிக் கதை

எங்கள் பக்கம் பாதி வீடுகள் வாடகையே இல்லாமல் லீஸுக்குப் போகின்றன. போக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறு லட்சம் கொடுத்து மூன்று வருஷம் இருந்துகொள்வது, காலி பண்ணும்போது ஆறு லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. இங்கே மாத வாடகை இல்லை. ஆகவே கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. ஓனரிடம் கேட்டால், “மாசம் ஒரு பைசா வரலை, நான் எங்கேர்ந்து செலவு பண்றது?” என்பார்.

வரவில்லையா? ஆறு லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டாலே மாதம் 3,500. ஆனால் லீஸுக்கு விடுபவர்களில் பலர் அதை வங்கியில் போடுவதில்லை. கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ இரண்டு வட்டிக்கு வாங்கிய கடனை அடைப்பார்கள். ஆறு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 12,000. அந்த வட்டி மிச்சமாவது வரவு இல்லாமல் என்ன? என்னைக் கேட்டால் லீஸ் ஓனர்தான் வாடகை ஓனரைவிடத் தாராளமாக இருக்கலாம். ஆனால் அவர் கையில் ரொக்கம் இருக்காது, அது கடன்காரரிடம் போயிருக்கும். அதனால் லீஸ் வீட்டுக்குப் போகிறவர்கள் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே மொட்டை மாடி, கொசுவலை, மோட்டார், வயரிங் நாலையும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய மறுநாள் கேட்டால் ‘பார்க்கலாம்’தான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில்தான் என் எண்ணம் மாறியது. ஏசி வேண்டுமா, வேண்டாமா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பெயிண்டர் ஒருவர் வந்தார். வந்தது வேறு வேலைக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் செருப்பில்லாமல் ஏறியவர் ஒரே தாவாகத் தாவி படிக்கட்டு நிழலுக்கு வந்தார். “இன்னாம்மா இது, தளம் அடுப்பாட்டம் கீது. கீழ இருக்கிறவங்க எப்படித் தூங்குறாங்க?” என்றார்.

காங்கிரீட் தளத்துக்கு ஒரு குணம். பகலெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாயந்திரத்துக்கு மேல் அதை மெதுவாகக் கீழே இறக்கும். ராத்திரி எட்டு மணிக்கு வெளியே கடற்காற்று வீசும்போது உள்ளே வேகும். ராயபுரத்தில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டது. கக்கூஸ் ஆறு குடும்பத்துக்கு ஒன்றாக இருந்தாலும் மே மாதத்தில் அந்த வீட்டில் தூக்கம் வந்தது. அப்பா ஆசை ஆசையாகக் கட்டிய இந்த வீட்டில் மேல்தளத்தில் தூக்கம் வரவில்லை.

மாடியில் 600 சதுர அடி. வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க, விரிசல் பூசி, கழுவி, கூலியோடு 15,000 கேட்டார். வெள்ளை ஓடு பதித்தால் 55,000 பக்கம். பத்துப் பதினைந்து வருஷம் கவலை இல்லை. சுண்ணாம்பும் வெள்ளைச் சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து அடித்தால் 4,000இல் முடியும். ஆனால் ஒரு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டும். நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அடித்து முடித்த மறுநாள் மத்தியானம் வெறுங்காலோடு மாடியில் நின்றேன். நிற்க முடிந்தது, ஆனால் கண் கூசியது. மாடிப் பெண் வீட்டில் டிகிரி காட்டும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. முன்பு ராத்திரி பத்து மணிக்கு 35 காட்டியது. அடித்தபின் அதே மாதிரி வெயில் அடித்த ஒரு நாளில் 32. மூன்று டிகிரி என்பது கேட்க அற்பமாக இருக்கும். சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இது எண்ணூர்ச் சாம்பலும் லாரிப் புழுதியும் விழும் ஊர். வெள்ளை வெள்ளையாகவே இருக்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் பாதிப் பலன் போய்விடும். கழுவுவது யார்? அது மாடிக்காரர்கள் என்று பேசிக்கொண்டோம். கருவாடு காயப்போடுவது இனிமேல் கீழே முற்றத்தில் என்றும் பேசிக்கொண்டோம். அது என் கணவருக்கு மட்டும் வருத்தம்.

அடுத்தது கொசுவலை. இதை யாரும் வெயிலோடு சேர்த்து யோசிப்பதில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் காட்டன் கால்வாய், இந்தப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். ஆறு மணிக்குக் கொசு கிளம்பும், ஜன்னல் சாத்தப்படும். கடற்காற்று வந்து வாசலில் நிற்கும்; உள்ளே விட ஆள் இருக்காது. மாடி ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் பால்கனிக் கதவுக்கும் அலுமினியச் சட்டத்தில் வலை போட 6,500 ஆனது. இதைக் குடித்தனக்காரர் தலையில் கட்டினால் அவர் ஒட்டு டேப் போட்டு மலிவு வலை ஒட்டுவார். கிளம்பும்போது அதைப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். அதற்கு நாம் அட்வான்ஸில் பிடிப்போம், அவர் நம்மைத் திட்டுவார். நாமே ஒருதரம் ஒழுங்காகப் போட்டுவிட்டால், அப்புறம் கிழிந்தால் மாற்றுவது அவர் பாடு.

ஏர் கூலர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தவணையில் வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். தண்ணீர் ஆவியாகும்போது வரும் குளிர்ச்சியை நம்பி ஓடும் பொருள் அது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கடலோரத்தில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? அறை பிசுபிசுவென்று ஆவதுதான் மிச்சம். வேலூரில் இருக்கும் தங்கச்சிக்கு அது வரப்பிரசாதம், நமக்கு இல்லை.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஏசிக்கான வயரிங் சுவருக்குள் இருப்பது, ஓனர் செலவு. பழைய மெல்லிய வயரில் குடித்தனக்காரர் தானாக ஏசியை மாட்டித் தீப்பிடித்தால் எரிவது நம் வீடு. இன்வெர்ட்டர் பேட்டரி, வாட்டர் பில்டர் இவை குட்டியானை. பில்டருக்கான தனிக் குழாய் ஓனர். கீசர், மார்கழி இருபது நாளுக்காகச் சென்னையில் கேட்பவர் தாமே வாங்கிக்கொள்ளட்டும். வயதானவர் இருக்கும் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டும் கேள்வி கேட்காமல் ஓனர் போட்டுத் தர வேண்டியது. நமக்கும் வயசாகும், அப்போது மாடிக்கு வாடகைக்கு வருபவர்களுக்கும் அம்மா அப்பா இருப்பார்கள்.

என் கணவர் கேட்டார், “தர்மச் சத்திரமா நடத்துறே?” தளத்துக்கு 15,000, வலைக்கு 6,500, ஏசி வயரிங் 4,800, ஆக 26,300. வாடகை கூட்டவில்லை, வருஷாவருஷம் கூட்டுவதோடு சரி. அவருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தக் குடும்பம் தாங்க முடியாமல் காலி பண்ணினால் பெயிண்டிங், இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வாடகை 18,000, எவர் வருவாரோ என்ற கவலை. இவர்களோ தேதி தவறாமல் ஐந்தாம் தேதி வாடகை தருபவர்கள். இன்னொன்று, வாடகை வருமானத்துக்கு வரி கட்டுபவர்களுக்கு, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் 30 சதவீதத்தைப் பராமரிப்பு மாதிரி கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடுகிறது. அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு பத்து வருஷமாக ஒரு பைசா செலவு செய்யாத ஓனர்களை எனக்குத் தெரியும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் வாடகையை ஏற்றினோம். மெட்ரோவை நாமா போட்டோம்?

அவர் ஒன்றும் சொல்லவில்லை. “கருவாட்டுக்கு என்ன வழி?” என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து போர்ஷனில் இருக்கும் பெரியம்மா ஒன்பது வருஷமாக இருக்கிறார். ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. தளம் பொதுவானது, வலையும் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்துத்தான் போட்டேன். ஆனால் விவரம் எதுவும் அவரிடம் சொல்லவில்லை. ஜூன் முதல் வாரம் படியிறங்கும்போது, “என்னம்மா, இந்த வருஷம் கத்திரி போனதும் வெயில் சட்டுனு குறைஞ்சுடுச்சு இல்ல?” என்றார். அந்த வாரம் வெயில் குறையவே இல்லை.

ஆடித் தள்ளுபடியில் மாடிப் பெண் தவணைக்கு ஒரு டன் ஏசி வாங்கிவிட்டாள். ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும், அறை குளிர்ந்ததும் அணைத்துவிட்டு ஃபேன். பில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் காலண்டர் தாளை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். வயரிங் என்னுடையது, ஏசி அவளுடையது, காலி பண்ணும்போது சுவர் ஓட்டையை அவர்கள் அடைத்துத் தர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எல்லாம் யோசித்தோம் என்று நினைத்தேன். மாட்ட வந்தவன் வெளிப்பெட்டியைப் பெரியம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அனல் அத்தனையும் அவர் அடுப்படியில். வழக்கம்போல அவர் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் பார்த்தேன். இடம் மாற்ற ஆள் 1,200 கேட்கிறான். அதை யார் கொடுப்பது என்று நாங்கள் எழுதின தாளில் இல்லை.